எலி ஏன் நீந்தவில்லை?

காலேஜில் என்னோடு பி.காம். படித்தவன் (பெயர் வேண்டாம்) அமெரிக்காவில், ஸால்ட் லேக் சிட்டியில் இருக்கிறான். போன மாசம் ராத்திரி போன் பண்ணி, “இங்கே வந்ததுலேருந்து எதுவுமே பிடிக்கலைடா. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்” என்றான். “ஏன், தயிர்சாதம் கிடைக்கலையா?” என்றேன். சிரிக்கவில்லை. என் கடி ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்த ஒரே பிரகிருதி அவன்தான். பயந்துவிட்டேன்.

ஊரே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார், அதே ஊர் யூட்டா பல்கலைக்கழகத்தின் மனநல டாக்டர் பெர்ரி ரென்ஷா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரம். மூளையில் ஸெரோடோனின் தயாராகும் முதல் படிக்கே ஆக்ஸிஜன் வேண்டும். மேலே போகப் போக அது கம்மி. 2015-ல் அங்கே எலிகளை ஒரு வாரம் வெவ்வேறு உயரத்துக் காற்றில் வைத்து, பிறகு தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். உயரம் கூடக் கூட, பெண் எலிகள் ‘போதும்டா சாமி’ என்று நீந்தாமல் மிதந்தன. ஆண் எலிகளிடம் வித்தியாசமே இல்லை. (மனைவியிடம் சொன்னேன். “தெரிஞ்ச விஷயம்தானே” என்றாள்.)

பரிகாரமாக அவர்கள் சோதித்தது இரண்டு சமாசாரம். ஒன்று, ஜிம் பையன்கள் கரைத்துக் குடிக்கிற கிரியேட்டின். மூளைக்கும் அது எரிபொருள் சேமிப்பு. இன்னொன்று ஃபைவ் ஹெச்.டி.பி. ஆக்ஸிஜன் கேட்கிற படியைத் தாண்டி, அடுத்த படியிலிருந்தே ஸெரோடோனின் தயாரிக்கலாம். மாத்திரை கேட்காத 15 பெண்களுக்கு, மாத்திரையோடு இரண்டையும் 8 வாரம் கொடுத்ததில் நல்ல முன்னேற்றம் என்று 2017-ல் எழுதினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாவு சாப்பிட்ட கோஷ்டி இல்லை. வரவுப் பக்கம் மட்டும் எழுதின கணக்கு. எங்க ஆடிட்டிங் வாத்தியார் கையெழுத்துப் போடமாட்டார்.

நண்பன் இதையெல்லாம் எனக்கு முன்பே படித்து, கடையில் இரண்டு டப்பாவும் வாங்கி வைத்திருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டர் கண்காணிப்பில் 15 பேர் சாப்பிட்டது வேறு. இவனாக மாத்திரையோடு ஃபைவ் ஹெச்.டி.பி.யைச் சேர்த்தால் ஸெரோடோனின் எக்கச்சக்கமாக ஏறி, ஜுரம், நடுக்கம், சமயத்தில் உயிருக்கே ஆபத்து.

“டப்பாவைத் தொடாதே. முதல்ல டாக்டர்கிட்ட காட்டு. மாத்திரையையும் நிறுத்தாதே” என்று கத்தினேன்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். “காட்டினேன். ஹெச்.டி.பி. கூடாதுன்னுட்டார். கிரியேட்டின் யோசிச்சுச் சொல்றாராம்” என்றவன், குரலைத் தாழ்த்தி, “அது கறியிலேருந்து எடுக்கறதாடா? பாட்டிக்குத் தெரிஞ்சா...” என்றான்.

“கறியில இருக்கு. ஆனா டப்பாவில வர்றது ஃபேக்டரியில ரசாயனத்தில பண்றது. ஆட்டுக்கு சம்பந்தமில்லை.”

லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. லைன் கோளாறாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.