குடலைப் போர்த்தும் கொழுப்பு

கொழுப்பு என்பது வசைச்சொல்லாகவும் வழங்கிவிட்டபடியால், சரீரத்தில் அது வீண் சுமையென்றே எண்ணி வந்திருக்கிறோம். அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். 1932-ல் நியூயார்க்கு வைத்தியர் கிரோனும் அவர் சகாக்களும் விவரித்த குடலழற்சி நோயில், சத்திர சிகிச்சைக்காக வயிற்றைத் திறப்பவர்கள், புண்பட்ட சிறுகுடலை மஞ்சள் கொழுப்பு விரல்விரலாகப் பற்றிப் போர்த்தியிருக்கக் காண்பதுண்டு. குடற்சுவரைக் கடந்த கிருமிகள் உடலெங்கும் பரவாதபடி அணைகட்டவே அது அங்கே திரள்கிறது போலும் என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று புலப்படுத்திற்று. ஆயினும் அதே கொழுப்பு நாளடைவில் தழும்பேறி இறுகிவிடுகிறது. மிஞ்சிய தொப்பையோ அழற்சியைத் தூண்டும் சுரப்புகளை இரத்தத்தில் ஓயாமல் கலக்கிறது. குடலுக்கே உணவாகும் கொழுப்பினமும் உண்டு: பெருங்குடலின் உட்படலத்துக்குப் பிரதான எரிபொருள், நார்ச்சத்தைக் குடல்வாழ் கிருமிகள் புளிக்கவைத்து ஈயும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலம். தராசு முள்ளை மாத்திரம் பார்த்து உபதேசிக்கும் வைத்தியர்கள், நோயாளி உண்ணும் நார்ச்சத்துள்ள கீரையையும் பயறையும் விசாரிக்காதது பெருங்குறை.