சீட்டை எண்ணாதீங்க, பெல்ட்டை எண்ணுங்க

"சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஈகோ வருது. ஏழு சீட்டு. வாங்கலாமா?"

சுகருக்கு மாத்திரை எழுதிக்கிட்டு இருக்கும்போதே இந்தக் கேள்வி வரும். பாகூர் பக்கமும் சரி, வில்லியனூர் பக்கமும் சரி, கொஞ்சம் காசு சேர்ந்தா, இல்ல சீட்டுப் பணம் விழுந்தா, வீட்ல முதல் பேச்சே ஒரு ஃபேமிலி வண்டிதான். மெக்கானிக்கைக் கேக்க வேண்டியதை டாக்டரைக் கேக்குறாங்களேன்னு நீங்க சிரிக்கலாம். ஆனா வண்டி இடிச்சா வண்டி மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி ஆளுங்க எங்ககிட்ட வந்துடுவாங்க. அதனால எனக்கும் இதுல ஒரு கருத்து இருக்கு. பதிவு நீளம், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு. பழைய வண்டி வாங்குறவங்களைக் கிண்டல் பண்ற பதிவு இல்ல இது. டேங்க் மேல ஒரு புள்ள, நடுவுல ஒரு புள்ள, பின்னாடி கைக்குழந்தையோட அம்மா. அப்படி ஒரே பைக்ல கடலூர் ரோட்டுல போற குடும்பத்தை தினமும் பார்க்கிறோம். அதுக்கு எந்த நாலு சக்கர வண்டியும் மேல். நம்ம நாட்டு ரோட்டுல அதிகமா சாகறவங்க டூ வீலர்ல போறவங்கதான். "காசு இருந்தா புதுசு வாங்கு, இல்லன்னா பேசாம இரு"ன்னு சொல்ற அறிவுரையில எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா செகண்ட் ஹேண்ட்னு முடிவு பண்ணிட்டா, கிலோமீட்டரையும் பெயிண்ட்டையும் பாக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில தயாரிப்பு மாசம், வருஷம் பாருங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான கார்கள்ல ஏ.பி.எஸ். கட்டாயம். 2019 ஜூலையில இருந்து டிரைவருக்கு ஏர்பேக், சீட் பெல்ட் போடலன்னா கத்துற மணி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். டிரைவர் பக்கத்துல உக்காருறவருக்கும் ஏர்பேக்னு எல்லா மாடலுக்கும் வந்தது 2022 ஜனவரியில. ஆக ஒரே மாடல், ஒரே கலர், 2018 வண்டியும் 2022 வண்டியும் ஒரே வண்டி இல்ல. நடுவுல ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வித்தியாசம் வந்தா அந்தப் பணம் எதுக்குன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். அலாய் வீலுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் கொடுக்கிற காசை இதுக்குக் கொடுங்க.

ஆம்னி? 2019-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. இருந்தாலும் நம்ம ஊர்ல இன்னும் ஓடுது, விக்குது. ஆம்னியில இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழ இருக்கு. மூக்கு கிடையாது. மத்த கார்ல முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கும். ஆம்னியில அந்த இடத்துல டிரைவரோட முட்டியும் தொடையும்தான் இருக்கு. ஆர்த்தோ வார்டுல வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. காய்கறி ஏத்த, கேட்டரிங் பாத்திரம் ஏத்த வெச்சுக்கங்க. குடும்பத்தை ஏத்த வேண்டாம்.

ஸ்டார் ரேட்டிங் பத்தியும் கேக்குறாங்க. ஏர்பேக் இல்லாத ஈகோவை 2016-ல குளோபல் என்கேப் இடிச்சுப் பார்த்தப்போ பெரியவங்க பாதுகாப்புக்குக் கிடைச்சது பூஜ்யம் ஸ்டார். எர்டிகா 2019-ல 3 ஸ்டார். விதிமுறையைக் கடுமையாக்கி 2024-ல திரும்ப டெஸ்ட் பண்ணப்போ 1 ஸ்டார். டிரைபர் 2021-ல வாங்கின 4 ஸ்டாரும் பழைய விதிமுறைப்படிதான். அதனால விளம்பரத்துல ஸ்டாரைப் பார்த்தா எந்த வருஷத்து ஸ்டார்னு கேளுங்க. 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப் இருக்கு. ஆனா அது கட்டாயம் இல்ல, கம்பெனி விரும்பினா அனுப்பும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். விக்கிறவர் "ஏழு சீட்டு, நெருக்கி உக்காந்தா பத்து"ன்னு சொல்வார். நீங்க பின்னாடி ஏறி உக்காந்து பெல்ட்டை எண்ணுங்க. அதுல எத்தனை தோள்ல இருந்து குறுக்கா வர்ற பெல்ட், எத்தனை இடுப்புக்கு மட்டும் வர்ற பெல்ட்னு தனித்தனியா எண்ணுங்க. நிறைய வண்டியில நடு சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். வேகமா இடிக்கும்போது உடம்பு அந்த ஒரு கோட்டுல மடங்கும். குடல் கிழியும், முதுகெலும்பு உடையும். வெளியில காயமே தெரியாது. வயித்து வலின்னு வந்து படுத்திருப்பாங்க, உள்ள ரத்தம் போயிட்டு இருக்கும். அதுக்காக இடுப்பு பெல்ட்டைப் போடாம விட்டுடாதீங்க, போடாததுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அந்த இடத்துல குழந்தையை உக்கார வைக்காதீங்க.

டிக்கியில எதிரும் புதிருமா பெஞ்ச் சீட்டு போட்ட வண்டி நிறைய விலைக்கு வருது. பக்கவாட்டு சீட்டுல பெல்ட் கட்டினாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, பெரும்பாலும் பெல்ட்டே இருக்காது. நம்ம வழக்கத்துல அங்க யாரை உக்கார வைப்போம்? புள்ளைங்களை. பெரியவங்களுக்கு முட்டி வலி, அதனால நடு வரிசை. பின்னாடி கண்ணாடிக்கும் புள்ளைங்க தலைக்கும் நடுவுல ஒரு ஜாண் இடம். பின்னாடி வர்றது டிப்பர் லாரி. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் மாத்துங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். புள்ளைங்க நடு வரிசை ஓரத்துல, தோள் பெல்ட்டோட அல்லது சைல்டு சீட்டோட. பின் வரிசையில கொஞ்சம் குனிஞ்சு ஏறக்கூடிய சித்தப்பாவும் மாமாவும் போகட்டும்.

மடியில வெச்சுக்கிட்டா பத்திரம்னு நினைக்கிறீங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல இடிச்சு வண்டி சட்டுனு நின்னா, 10 கிலோ குழந்தை அந்த நொடியில 300 கிலோ மூட்டை மாதிரி இழுக்கும். எந்த அம்மா கையும் தாங்காது. முன் சீட்டுல மடியில வெச்சா இன்னும் மோசம். ஏர்பேக் வெடிச்சு வர்ற வேகம் குழந்தையோட கழுத்துக்கு ஆகாது.

சீமந்தம் முடிஞ்சு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற பொண்ணுக்கு "வயித்தை அழுத்தும், பெல்ட் போடாதே"ன்னு சொல்றது பெரிய தப்பு. இடுப்புப் பட்டை வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்பு மேல வரணும். தோள் பட்டை மார்புக்கு நடுவுல போகணும். அவ்வளவுதான்.

பின் சீட்டுக்கு பெல்ட் எதுக்குன்னு இன்னமும் கேக்குறவங்களுக்கு: 2022 செப்டம்பர் 4, பால்கர் பக்கம் சைரஸ் மிஸ்திரி இறந்தது பென்ஸ் காரோட பின் சீட்டுல, பெல்ட் போடாம. வண்டியோட விலை அவரைக் காப்பாத்தல. பின் சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம்தான், அபராதம் 1,000 ரூபாய். நம்ம ஊர்ல யார் பிடிக்கிறாங்கன்னு கேக்காதீங்க.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரை கடந்தப்போ ஒரே நாள்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. அதுக்கு அப்புறம் சங்கராபரணியும் தென்பெண்ணையும் ஊருக்குள்ள வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அன்னைக்குத் தண்ணியில நின்ன வண்டிங்க எல்லாம் எங்க போச்சு? கழுவி, சீட் கவர் மாத்தி, திரும்ப விலைக்குத்தான் வருது. ஏர்பேக்கை வெடிக்கச் சொல்ற கம்ப்யூட்டர் பெட்டி பொதுவா கியருக்குப் பக்கத்துல, தரைக்குக் கிட்ட இருக்கும். தண்ணி முதல்ல தொடுற இடம் அது. சாவி போட்டதும் மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில நொடியில அணையணும். அணையாம எரிஞ்சா கோளாறு. எரியவே இல்லன்னா யாரோ விளக்கைக் கழட்டியிருக்காங்க, அது அதைவிட மோசம். அப்புறம் ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்க. சேறு பட்ட கறையைக் கழுவுறவங்க பெல்ட்டோட உள் பாதியை மறந்துடுவாங்க. மேட்டைத் தூக்கி தரையில துரு இருக்கான்னு பாருங்க. டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும்; 2319-ன்னா 2019-ஓட 23-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு. சித்திரை வெயில்ல பழைய டயர், காத்து கம்மி, உள்ள பதினோரு பேர், திருவண்ணாமலை ரோடு. எதுக்கு அந்த வம்பு.

கேஸ் வண்டின்னா கம்பெனியில இருந்தே சி.என்.ஜி.யா வந்ததான்னு பாருங்க. வெளியில மாத்தினதுன்னா ஆர்.சி.யில ஏறியிருக்கணும், மூணு வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் டெஸ்ட் பண்ணின சர்டிபிகேட் இருக்கணும். வீட்டு சிலிண்டர்ல ஓடுற வண்டின்னா விலை கேக்காமலே திரும்பி வந்துடுங்க. 2020 பிப்ரவரி 15-ல பஞ்சாப் லோங்கோவால்ல ஒரு பழைய வேன் தீப்பிடிச்சதுல ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போன நாலு குழந்தைங்க உள்ளயே இறந்துட்டாங்க. மத்தவங்களை இழுத்துக் காப்பாத்தினது பக்கத்து வயல்ல வேலை செஞ்சவங்க. பழைய வேன்ல பின் கதவும் பக்கக் கதவும் உள்ளிருந்து திறக்குதான்னு உக்காந்து திறந்து பாருங்க. சும்மா ரெண்டு நிமிஷம்.

இனிமே சொல்லப் போறது காயம் ஆறினதுக்கு அப்புறம் வர்ற வலி. அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு நாங்க காசு கேக்கறதில்ல. ஆனா கால் உடைஞ்ச ஆள் ஆறு மாசம் கம்பெனிக்குப் போக முடியாது, நடவுக்குப் போக முடியாது. அந்த ஆறு மாசத்துக்கு யார் பொறுப்பு? வீட்டுக்காரங்க பாலிசி பேப்பரைக் காட்டி "இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர்"னு சொல்வாங்க. வாங்கிப் பார்த்தா தேர்டு பார்ட்டி மட்டும். தேர்டு பார்ட்டின்னா நீங்க யாரை இடிச்சீங்களோ அவங்களுக்கு. உங்க காருக்குள்ள சும்மா கூட வந்த மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுப் பாட்டி இவங்க யாருக்கும் அதுல பணம் இல்ல. முழு பேக்கேஜ் பாலிசியா இருந்தா உள்ள இருக்கிறவங்களுக்கும் கம்பெனி பொறுப்புன்னு 2012-ல சுப்ரீம் கோர்ட் பாலகிருஷ்ணன் வழக்குல சொல்லியிருக்கு. பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்னு சில ஆயிரம் மிச்சம் பிடிக்கிறோம் பாருங்க, அங்கதான் ஏழு பேரும் வெளியில விழுறாங்க. ஏழு பேரை ஏத்தணும்னே ஒரு வண்டியை வாங்கிட்டு, அந்த ஏழு பேரை மட்டும் விட்டுட்டு இன்சூரன்ஸ் போடறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.

பாலிசியில 15 லட்சம்னு ஒரு வரி இருக்கும். அது ஓனர்-டிரைவருக்கு மட்டும். ஆர்.சி. அப்பா பேர்ல, ஓட்டுறது பையன்னா, பையனுக்கு அது கிடையாது. கூட வர்றவங்களுக்குத் தனியா விபத்து கவர்னு ஒண்ணு இருக்கு. சில நூறு ரூபாய்தான் கூடும். ஏஜென்ட் தானா சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, வண்டி வாங்கினதும் சும்மா நிக்குதேன்னு மேல்மலையனூர் அமாவாசைக்கு நாலு குடும்பத்தை ஏத்திட்டு "ஆளுக்கு இவ்வளவு போடுங்க"ன்னு ஆரம்பிக்கும். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், இல்ல அடிபட்டவங்களுக்குக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணும். வருஷத்துல மூணு தடவைதான் பத்துப் பேரா போறீங்கன்னா, அந்த மூணு தடவைக்கும் டி போர்டு வேன் எடுங்க. மத்த நாளைக்கு அஞ்சு பேருக்கு அஞ்சு நல்ல பெல்ட்டோட சின்ன கார் போதும். என் ஓட்டு இதுக்குத்தான். ஏழு பேர் நிஜமாவே வாரா வாரம் போறீங்கன்னா, 2022-க்கு அப்புறம் தயாரான ஏழு சீட்டர் பாருங்க. புதுசுன்னா 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன பெட்ரோல் இன்ஜின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், டிரைபர் அதுல வரும், எர்டிகா வராது. பழசுக்கும் புதுசுக்கும் இடைவெளி குறைஞ்சிருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க.

கடைசியா பேர் மாத்துறது. வில்லியனூர்ல இருந்து விழுப்புரம் ரோட்டுல போனா அரியூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை திரும்பப் புதுச்சேரி. ரோடு ஒண்ணுதான், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேற வேற. கடலூர்ல இருந்தோ விழுப்புரத்துல இருந்தோ டி.என். வண்டி வாங்கினா, பழைய ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கணும், 12 மாசத்துக்கு மேல இங்கேயே வெச்சிருந்தா பி.ஒய். நம்பருக்கு மாத்தணும். இந்த அலைச்சலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை மட்டும் வாங்கி பீரோவுல வெச்சிருக்கிற வீடுகள் நிறைய. வித்தவருக்கு இதுல உங்களைவிட ஆபத்து. கைமாறி கைமாறிப் போன ஒரு வண்டி இடிச்ச வழக்குல, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவரே பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா வண்டிக்கு ஆன சேதத்துக்கு கிளெயிம் வராது.

கமென்ட்ல "டாக்டர், எந்த வண்டி நல்லது?"ன்னு மட்டும் கேக்காதீங்க. தயாரிப்பு மாசம், வீட்ல எத்தனை பேர், அதுல பத்து வயசுக்குக் கீழ எத்தனை பேர், தோள் பெல்ட் எத்தனை. இந்த நாலையும் எழுதுங்க. டியூட்டி முடிஞ்சு ராத்திரி வந்து பதில் போடுறேன்.