கவுன்சலிங் ரகசியம் கம்ப்யூட்டரிலும் ரகசியம்தானா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மனநல ஆலோசனை பற்றி எதற்குக் கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் தானாகப் புரியும்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் ராசிபுரம். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பிராஜக்ட் நெருக்கடியில் தூக்கம் அடியோடு போய்விட்டது. நள்ளிரவு தாண்டி எழுந்து உட்கார்ந்து ஆபீஸ் மெயிலைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. ஆனாலும் பார்ப்பேன். நண்பன் ஒருவன் வற்புறுத்தியதால் சேலத்தில் ஒரு கவுன்சலிங் மையத்துக்குப் போனேன். சேலம் வரை போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் நாலு பேர் "எங்க தம்பி போயிட்டு வர்றீங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அப்போது வீட்டில் பெண் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஆலோசகர் அம்மா அருமையானவர். முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு, "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாது" என்றார். அவர் எழுதிய குறிப்புகளை ஒரு நோட்டில் வைத்து, அதை ஸ்டீல் பீரோவில் பூட்டினார். அந்த அறையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சத்தியம்.

பிரச்சினை வரவேற்பறையில் இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டரின் மானிட்டர், நாங்கள் காத்திருக்கும் நாற்காலிகளைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. அதில் ஓர் எக்செல் பைல் எந்நேரமும் திறந்தே இருக்கும். பெயர், ஊர், செல் நம்பர், பிரச்சினை என்று நான்கு காலம். மூன்றாவது முறை போனபோது என் பெயருக்கு இரண்டு வரி மேலே ராசிபுரம் என்ற ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்தான். பக்கத்துக் காலத்தையும் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. ஆனால் கண்ணுக்குப் பாஸ்வேர்ட் போட முடியாதே!

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. என் மொபைலில் அம்மா சித்தியோடு பேசிக் கொண்டிருந்தபோது ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. மையத்தின் பெயர், என் பெயர், "உங்கள் 4ஆவது கவுன்சலிங் நாளை 11 மணிக்கு" என்று முழு விவரம். அம்மா படித்துவிட்டார். கோபப்படவில்லை. சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாக, "என்ன கண்ணு இது? பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகறது?" என்றார். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆலோசகர் ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லவில்லை. சொன்னது அவருடைய கம்ப்யூட்டர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. சிகிச்சை தரும் எல்லா மருத்துவப் பணியாளர்களும் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

நம்மைப் போன்ற கம்ப்யூட்டர் ஆட்கள் படிக்க வேண்டியது அடுத்த பிரிவு. சிகிச்சை பெறுபவரின் போட்டோவையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் பத்திரிகை, டி.வி.க்குத் தரக் கூடாது என்று தொடங்கும் 24ஆவது பிரிவு, எலக்ட்ரானிக் அல்லது டிஜிட்டல் வடிவில் எங்கே சேமித்து வைத்திருந்தாலும் அந்தத் தகவலுக்கும் இந்த ரகசிய உரிமை பொருந்தும் என்று முடிகிறது. அதாவது பீரோவில் இருக்கும் நோட்டுக்கும் வரவேற்பறை எக்செல் பைலுக்கும் சட்டத்தின் பார்வையில் வித்தியாசம் கிடையாது. இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 2 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று உயரும்.

கட்டணம் கட்டுகிற அப்பா போன் செய்து "பையன் உள்ளே என்ன சொன்னான்?" என்று கேட்பது நம் பக்கத்தில் சகஜம். பையன் 18 வயது தாண்டியவன் என்றால், பணம் கட்டியதால் மட்டும் அப்பாவுக்கு அந்த உரிமை வந்துவிடாது. நியமனப் பிரதிநிதி என்று ஒருவர் உண்டு. அவருடைய கடமையைச் செய்வதற்காக அவருக்குத் தகவல் தரலாம். அந்தப் பிரதிநிதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதி வைக்காவிட்டால் உறவினர் அந்த இடத்துக்கு வர வழி இருக்கிறது. எனவே உங்களுக்கு நம்பிக்கையான ஆள் அக்காவா, நண்பனா என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எப்போது வாய் திறக்கலாம்?

ரகசியம் என்றால் எந்த நிலையிலும் வாய் திறக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. 1969இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் மனநல ஆலோசகரிடம் சொன்னார். அந்த மாணவர் இந்தியாவிலிருந்து கப்பல் கட்டும் துறையில் படிக்கப் போனவர். ஆலோசகர் பல்கலைக்கழகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் அவரை விசாரித்து விட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்கோ அவர் வீட்டுக்கோ யாரும் சொல்லவில்லை. பெண் கொல்லப்பட்டார். டாரசாப் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது ஆலோசகரின் கடமை என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் ஊரில் இதற்கு நெருக்கமான வழக்கு சென்னையில் தொடங்கியது. மனநலம் சம்பந்தப்பட்டது அல்ல, ரத்தப் பரிசோதனை. நாகாலாந்து அரசு டாக்டர் ஒருவர் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தத் தகவல் வெளியே போய், 1995 டிசம்பரில் நடக்க இருந்த அவருடைய கல்யாணம் நின்றது. மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். மணமகளாக வர இருந்தவரின் உயிரும் உடல்நலமும் முக்கியம், எனவே மருத்துவமனை மேல் தவறில்லை என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாண உரிமை பற்றி அதில் சொன்ன கூடுதல் கருத்துகளை 2002இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு விலக்கிக் கொண்டது. இந்த வழக்கைப் படிக்கும்போது அம்மா சமையலறையில் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. ஆனால் தூக்கம் வராத எனக்கும் அந்த வழக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. என் தூக்கமின்மையால் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை.

இப்போதைய சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. வேறொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்க, உயிருக்கு ஆபத்தைத் தடுக்க, கோர்ட் போன்ற அமைப்புகள் உத்தரவு போட்டால், பொதுப் பாதுகாப்புக்காக என்று சில விதிவிலக்குகள் உண்டு. ஆபத்தைத் தடுக்கும்போது அதற்குத் தேவையான அளவு மட்டும்தான் சொல்லலாம். முழு பைலையும் தூக்கிக் கொடுக்கக் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் நிலைமை வேறு. 2012ஆம் வருடப் போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆலோசகருக்கும் விலக்கு இல்லை. என்னைக் கேட்டால், நல்ல ஆலோசகர் "வெளியே போகாது" என்று மட்டும் சொல்ல மாட்டார். எப்போது போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

பாஸ்வேர்ட் இல்லாத சர்வர்

நாற்காலிக்கு எதிரே மானிட்டர் இருந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். அதே பைல் இன்டர்நெட்டில் இருந்தால்? பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனம் இருந்தது. நாடு முழுவதும் கிளைகள். ஆலோசகர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருந்தன. அந்தச் சர்வர் நேராக இன்டர்நெட்டைப் பார்த்தபடி இருந்தது, ரூட் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை. குறிப்புகள் என்க்ரிப்ட் செய்யப்படவும் இல்லை. சுமார் 33,000 பேரின் விவரங்கள் திருடு போயின. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேராக மெயில் வந்தது. 200 யூரோ பிட்காயினில் கட்டு, தாமதித்தால் 500, இல்லாவிட்டால் நீ ஆலோசகரிடம் சொன்னதை எல்லாம் வெளியிடுவேன் என்று மிரட்டல். 2021இல் நிறுவனம் திவாலானது. திருடியவர் அவசரத்தில் தன் சொந்த ஹோம் போல்டரையும் சேர்த்து அப்லோட் செய்துவிட்டார் என்பது இதில் வேடிக்கை. 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 6 வருடம் 3 மாதம் சிறை விதித்தது.

இது திருட்டு. திருடாமலேயே போவதும் உண்டு. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், தன்னிடம் பதிவு செய்தவர்களின் மெயில் முகவரியையும் அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, டெஸ்டிங்குக்கு என்று ஒரு மருத்துவமனையின் நிஜ டேட்டாவையே எங்கள் லேப்டாப்புகளில் காப்பி செய்து கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, போரடிக்கிறது என்று சில ரெக்கார்டுகளைத் திறந்து படித்துச் சிரித்தோம். அதில் நானும் உண்டு. அந்த வரிகளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது, என் பெயரே ஒரு வரியாக எக்செல்லில் கிடந்தபோதுதான் உறைத்தது. டாக்டர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. 2002ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே நோயாளியின் ரகசியம் பற்றி எழுதியிருக்கிறது. அந்த டேட்டாபேஸை எழுதுகிற எனக்குக் காலேஜில் நாலு வருடமும் அப்படி ஒரு பாடம் யாரும் நடத்தவில்லை. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். தொகை பெரியதுதான். ஆனால் ஒரு மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்ப 18 மாதம் எதற்கு?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

எல்லாப் பழியையும் மையத்தின் மேல் போட முடியாது. பாதி ரகசியம் நம் வீட்டில்தான் போகிறது. மருந்துச் சீட்டை மொபைலில் போட்டோ எடுத்தால், ஒரே அக்கவுண்டில் இருக்கும் வீட்டு டேப்லெட்டிலும் அது போய் உட்காரும். லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து லாக்அவுட் செய்யாமல் விட்டால் அடுத்து உட்காருபவர் படிக்கலாம். ஆன்லைனில் கவுன்சலிங் என்றால் ஹெட்போன் கட்டாயம். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து கொள்ளுங்கள். மொபைலின் லாக் ஸ்க்ரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிபிகேஷன் செட்டிங்கில் மறைத்து வையுங்கள். இதை நான் அன்றைக்கே செய்திருந்தால் அந்த மெசேஜ் அம்மா கண்ணில் பட்டிருக்காது.

கவுன்சலிங் போகும் இடத்தில் ஒரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்: நீங்கள் எந்தப் பதிவில் இருக்கிறீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு. வெறும் "கவுன்சலர்" என்று போர்டு மாட்டியிருந்தால், தவறு நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதே குழப்பமாகிவிடும். வெளியே போகவே தயக்கமாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில், டெலிமானஸ் சேவையில், தமிழிலேயே பேசலாம்.

ஐந்தாவது முறை போனபோது ஆலோசகர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகமே வாடிவிட்டது. "பீரோவைப் பூட்டினா போதும்னு நினைச்சுட்டேன்ங்க" என்றார். அன்று மாலை இருந்து வரவேற்பறை கம்ப்யூட்டரைச் சரி செய்து கொடுத்தேன். மானிட்டரைத் திருப்பினேன். பைலுக்குப் பாஸ்வேர்ட் வைத்து, ஐந்து நிமிடத்தில் ஸ்க்ரீன் தானாக லாக் ஆகும்படி செய்தேன். "பிரச்சினை" என்ற காலத்தையே அந்தப் பைலிலிருந்து எடுத்துவிட்டோம். டோக்கன் கொடுக்க அது எதற்கு? பென் டிரைவில் எடுத்திருந்த பேக்கப்பும் பீரோவுக்குள் போனது. வரவேற்பில் இருந்த அக்கா மட்டும், "தம்பி, மெசேஜ் போடலைன்னா பாதிப் பேரு மறந்துடறாங்களே" என்றார். நியாயம்தான். அதனால் இப்போது அங்கே பதிவு செய்யும் பாரத்தில் புதிதாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பலாம்? அதில் எங்கள் பெயர் வரலாமா? எனக்கு இப்போது "நாளை 11 மணி" என்று மட்டும்தான் வருகிறது.