நாலு டைல்ஸ் மாற்ற ஆள் வராதது ஏன்?

பீங்கானுக்குப் பெயர் போன ஊர் விருத்தாசலம். பொம்மைகள், பியூஸ் கட்டை போன்ற மின்சாரச் சாமான்கள் எல்லாம் அங்கே உருவாகின்றன. பக்கத்திலேயே நெய்வேலி. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர். அங்கே பழுப்பு நிலக்கரிக்காக வெட்டும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசு நிறுவனமும் விருத்தாசலத்தில் உண்டு.

ஆனால், அதை அடுத்த நல்லூரில் ஒரு வீட்டில் நாலு டைல்ஸ் உடைந்து விட்டால்? மாற்ற ஓடும் எளிதில் கிடைப்பதில்லை. பதிக்க ஆளும் எளிதில் வருவதில்லை!

குஜராத்தின் தரை

காரணம் என்ன? இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் உள்ள மோர்பி நகரிலிருந்து வருகிறது. அங்கே புதுப் புது வடிவங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பழையவை நின்று போகின்றன. ஒரே வடிவம் கிடைத்தாலும், சூளைக்குச் சூளை நிறம் சற்று மாறும். பெட்டியின் மேல் ஷேடு எண் அச்சிடுவது அதற்காகத்தான்.

மேஸ்திரியின் கணக்கு

வீடு முழுவதும் பதித்தால் சதுர அடிக் கணக்கில் கூலி கட்டுப்படியாகும். நாலு ஓட்டுக்கு அப்படியா? பக்கத்து ஓடு உடையாமல் பழையதைப் பெயர்க்க வேண்டும். அடியில் உள்ள சிமெண்டைச் செதுக்க வேண்டும். மட்டம் பார்க்க வேண்டும். அரை நாள் போய்விடும். "நாலு ஓட்டுக்கு இவ்வளவா?" என்று வீட்டார் கேட்பார்கள். "வேறு இடத்தில் முழு நாள் கூலி போச்சே!" என்று அவர் நினைப்பார். இரண்டும் நியாயம்தான்.

தட்டிப் பாருங்கள்

உடைந்ததைச் சுற்றியுள்ள ஓடுகளை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள். இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதித்திருந்தாலும், வெயிலில் விரியும்போது ஓடு மேலே தூக்கும். விட்ரிபைட் வகை ஓடு தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். அதனால் வெறும் சிமெண்டு அதை நன்றாகப் பிடிக்காது. அதற்கென உள்ள பசை வேண்டும். இவற்றைக் கவனிக்காமல் மேல் ஓட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் உடையும்.

முதலில் பேசுங்கள்

சிறு வேலைக்குச் சதுர அடி பேசாதீர்கள். அரை நாள் அல்லது ஒரு நாள் கூலி என்று பேசுங்கள். பசை வாங்குவது யார்? இடிசலை அள்ளுவது யார்? பக்கத்து ஓடு உடைந்தால் செலவு யாருடையது? எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பதித்த பிறகு ஒரு நாள் அதன் மேல் யாரும் நடக்கக் கூடாது.

தூசியும் ஒரு செலவு

டைல்ஸை உலர்ந்தபடி அறுத்தால் பறக்கும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் ஊற்றி, வெளியில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள். அது வீட்டுக் குழந்தைகளுக்கும் நல்லது.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் நல வாரியம் உண்டு. 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். வருகிற தொழிலாளி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சொல்லிக் கொடுங்கள்.

புது வீடு கட்டுவோர் ஒரு பெட்டி டைல்ஸை மிச்சம் பிடித்துப் பரணில் வையுங்கள். நாளை ஓடு உடையும்போது ஆளை மட்டும் தேடினால் போதும்.