மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்தீங்களா?

குதிரைமசால் வயலில் நாலு இலை ஓட்டையானால் போதும், "மருந்து அடிச்சிடலாமா?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: வயலில் பூச்சி எத்தனை?

இந்தக் கேள்வி பிறந்ததே குதிரைமசால் வயலில்தான். 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புள்ளி அசுவினி இந்தப் பயிரை நாசம் செய்தது. அடிக்க அடிக்க மருந்துக்கு அசுவினி பழகிவிட்டது. அதைத் தின்னும் பொறிவண்டுகள்தான் செத்தன. இதை ஆராய்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் ஆகியோர் 1959-ல் பொருளாதாரச் சேத நிலைக்கு இலக்கணம் வகுத்தனர். பூச்சியால் வரும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும் நிலை நெருங்கினால் மட்டும் அடி என்பதே அதன் சாரம்.

எப்படி எண்ணுவது?

தத்துப்பூச்சிக்கு வீச்சு வலை. 15 அங்குல வாய் கொண்ட வலையை, நடந்தபடியே பயிரின் மேல்பகுதியில் அரைவட்டமாக வீச வேண்டும். 20 வீச்சில் 20 பூச்சி என்றால், வீச்சுக்கு ஒன்று. அமெரிக்கப் பரிந்துரைப்படி, 6 அங்குலப் பயிருக்கு வீச்சுக்கு 0.5 பூச்சியே எல்லை. 12 அங்குலம் தாண்டினால் 2 வரை தாங்கும். அதே எண்ணிக்கை, இளம்பயிரில் ஆபத்து. வளர்ந்த பயிரில் பயமில்லை.

பனி ஈரத்திலும் பலத்த காற்றிலும் வலைக் கணக்கு பொய்த்துவிடும். புழுக்களுக்குத் தண்டுகளைப் பறித்து வாளிக்குள் தட்டி எண்ணுவது நம்பகமானது. எந்த முறையானாலும் வரப்போரம் மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் எண்ண வேண்டும்.

தீவன மக்காச்சோளத்துக்கும் இது பொருந்தும். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவின் அந்துப்பூச்சிகளை இனக்கவர்ச்சிப் பொறி காட்டிக்கொடுக்கும். ஆனால் பொறி வெறும் எச்சரிக்கை மணிதான். குருத்தை விரித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை செடியில் பாதிப்பு என்று கணக்கெடுத்தால்தான் முடிவெடுக்க முடியும்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால், பசுந்தீவனத்தில் லாபம் குறைவு. தேவையில்லாத ஒரு தெளிப்பே அதைத் தின்றுவிடும். மேலும் இது மாட்டின் வாய்க்குப் போகும் பயிர். சில மருந்துகளின் எச்சம் பால் வரைக்கும் வரும். குதிரைமசால் வெட்டும் பருவத்தை நெருங்கியிருந்தால், மருந்துக்குப் பதில் சில நாள் முன்கூட்டியே அறுத்துவிடலாம். அதை முடிவு செய்யவும் எண்ணிக்கை வேண்டும்.

லிட்டருக்கு எத்தனை மில்லி என்று சொல்லும் ஆலோசனைகள், எத்தனை பூச்சி இருந்தால் அடிக்கணும் என்பதையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.