எழுதத் தெரியாவிட்டாலும் போகட்டும்

நாலு கோடு நோட்டில், கையெடுக்காமல் ஆங்கில எழுத்துகளைக் கோத்துக் கோத்து எழுதிய நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். 'கர்சிவ்' எனப்படும் அந்த எழுத்துமுறை மேலை நாடுகளிலேயே வழக்கொழிந்து வருகிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு வெளியான பொதுப் பாடத்தர வரையறை அதைக் குறிப்பிடாமலே விட்டது. பின்லாந்து 2016இல் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கியது. 2023இல் கலிபோர்னியா சட்டமியற்றி, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை அதை மீண்டும் கொண்டுவந்தது. அன்று முதல் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இவ்வாதத்தின் இரு தரப்பும் தவறான இடத்தில் நின்று மோதுகின்றன என்பதே நம் கருத்து. ஒரு தரப்பு அழகையும் மூளை வளர்ச்சியையும் பேசுகிறது. கையால் எழுதுவது நினைவாற்றலுக்கு உதவும் என்னும் ஆய்வுகள் பெரும்பாலும் கையெழுத்தைத் தட்டச்சோடு ஒப்பிடுபவை; சேர்த்தெழுதுவதைப் பிரித்தெழுதுவதோடு ஒப்பிடுபவை அல்ல. மறுதரப்போ, இனி யார் கையால் எழுதப்போகிறார்கள் என்று தோளைக் குலுக்குகிறது. இரு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை இப்படி எழுத வேண்டுமா? பிள்ளைக்கு இதைப் படிக்கத் தெரிய வேண்டாமா என்று கேட்பார் குறைவு.

வரலாற்றறிஞர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் 2022இல் எழுதிய கட்டுரையொன்றில், ஹார்வர்டில் தம் வகுப்பிலிருந்த மாணவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குச் சேர்த்தெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று பதிவு செய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்க வந்தவர்கள், அப்போரில் மடிந்தவன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க மொழிபெயர்ப்பாளனைத் தேட வேண்டிய நிலை! அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தன்னார்வலர்களுக்கு அழைப்பு விடுத்து வருகிறது.

இது அவர்கள் கவலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தஞ்சாவூருக்குப் போய்ப் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1855 வரை அங்கு ஆண்ட மராட்டியரின் அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் 'மோடி' என்னும் எழுத்தில் உள்ளன. மராட்டி மொழியை விரைந்து எழுதுவதற்கென்றே அமைந்த, கோத்தெழுதும் முறை அது. அச்சுக்குத் தேவநாகரி வசதியாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிகளிலிருந்து மோடி மறைந்தது. யாரும் அதைத் தீயிட்டு அழிக்கவில்லை. கற்பிப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவே. இன்று மராட்டி தாய்மொழியாகக் கொண்டவருக்கும் அந்தக் கட்டுகள் புரியாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒரு பகுதியை அறிஞர்களைக் கொண்டு தமிழாக்கி வெளியிட்டிராவிட்டால், நம் மண்ணின் சத்திரங்களையும் கொடைகளையும் பற்றிய அச்செய்திகள் நமக்கு வெறும் கோடுகளாகவே இருந்திருக்கும்.

இயந்திரம் படித்துக் கொடுக்குமே என்பர் சிலர். கொடுக்கட்டும். அந்த இயந்திரத்துக்கு முதலில் படித்துக் காட்டுபவர் யார்? அது பிழையாகப் படித்தால் கண்டுபிடிப்பவர் யார்? படிக்கத் தெரிந்த கடைசி மனிதரும் போன பின்பு, இயந்திரம் சொல்வதே வேதம் என்றாகிவிடும்.

நம் வீட்டுக்கு வருவோம். பாட்டனார் எழுதிய கடுதாசியும் கடன் பத்திரமும் பெட்டியில் இருக்கின்றன. புள்ளி வைக்காமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல், ஓடிய கையில் எழுதியவை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா வடிவங்கள் வேறு. அச்செழுத்து மட்டுமே அறிந்த நம் பிள்ளைகள் அவற்றின் முன் அந்நியராய் நிற்கிறார்கள். ஆங்கிலக் கர்சிவ் வகுப்புக்கெனத் தனிக்கட்டணம் செலுத்தத் தயங்காத நாம், தமிழ்க் கையெழுத்துக்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்கியதுண்டா? வளைவு சரியில்லை என்று பிள்ளையின் விரல் முட்டியில் அடி விழுந்த வகுப்பறைகளை நாம் அறிவோம். அந்தக் கொடுமை திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எழுத்து அழகுக்கு மதிப்பெண்ணும் கேட்கவில்லை.

நாம் கேட்பது சிறிது. ஆங்கிலமோ தமிழோ, சேர்த்து எழுதுவதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். படிப்பதை மட்டும் பாடமாக்குங்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். அதற்குப் பாடநூலும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பழைய கடிதம் கொண்டுவரட்டும்.

பள்ளிகள் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் பெட்டியைத் திறந்து, ஒரு கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்போம். திணறினால் குற்றம் பிள்ளையுடையது அன்று. பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுக்க நமக்கேனும் இன்னும் தெரிகிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்வோம்.