எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தா?

"ஐயா, பொண்ணு வெளுத்துப்போய் இருக்கா. நல்லதா ஒரு அயச் செந்தூரம் கொடுங்க. மூணு மாசத்துல சரியாயிடும்ல?"

கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டார். பழங்குடிக் குடும்பம். மகளுக்கு ஒன்பது வயது. கண்ணில் லேசான மஞ்சள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அடிக்கடி அழுவாளாம். நான் செந்தூரம் கொடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

"சித்த வைத்தியர்னு தேடி வந்தா, நீங்களும் லேபுக்கே அனுப்புறீங்களே!" என்று அவர் முகம் சுருங்கிவிட்டது.

முடிவு வந்தது. அரிவாள் செல் சோகை! 1952-லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட நோய்தான் இது.

'மழை' என்று எழுதும்போது ஓர் எழுத்து மாறி 'மலை' ஆகிவிட்டால் பொருளே மாறிவிடுகிறது அல்லவா? இங்கேயும் அதே கதைதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். அதிலுள்ள பீட்டா சங்கிலி, 146 மணிகள் கோத்த மாலை மாதிரி. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் ஆறாவது மணி மாறிவிடுகிறது. குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1956-ல் இங்கிராம் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார்.

பழைய மணி தண்ணீரோடு ஒட்டி உறவாடும். புதிய மணியோ தண்ணீருக்கு ஆகாதது. ஆக்ஸிஜன் இறங்கியதும் பக்கத்துப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைப்பதால்தான் அந்த வலி! 120 நாள் வாழவேண்டிய அணு இருபது நாளுக்குள் உடைந்துபோகிறது. அதனால்தான் சோகையும் மஞ்சளும்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு இரும்பு எதற்கு? இது இரும்புக் குறைவால் வந்த சோகையே அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே கூடுதலாகச் சேர்ந்து, ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

அயச் செந்தூரத்தையும் கரிசாலையையும் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். இரும்புக் குறைவுள்ளவர்களுக்கு நானே கொடுக்கிறேன். ஆனால் பாண்டு நோயை நம் முன்னோரே பல வகையாகப் பிரித்துத்தான் பார்த்தார்கள். வகை தெரியாமல் மருந்து கொடுப்பது சித்த மருத்துவம் ஆகாது. மாறிப்போன மணியைத் திருத்தும் லேகியம் எங்களிடம் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்வதில் எங்களுக்கு வெட்கம் வேண்டாம்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். குழந்தைக்கு வலியோ காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் தரும் ஹைட்ராக்ஸியூரியாவை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்தில் இந்த நோயோ தலசீமியாவோ இருந்தால், கல்யாணத்துக்கு முன் பிள்ளை, பெண் இருவருக்குமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் இந்தக் கூறு இருந்தால் குழந்தைக்கு நோய் வராது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

அந்தச் சிறுமி இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள், நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். போனமுறை வந்தபோது அவள் அப்பா, "அன்னிக்கு செந்தூரம் கொடுக்காம விட்டீங்களே, அதுதாங்க ஐயா மருந்து" என்றார்.